நாவலைப் படமாக்கும்போது அப்படியே எடுக்க வேண்டுமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் பார்த்து வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மணிமேகலை இல்லை, சேந்தன் அமுதன் பெயருக்கு வந்து போகிறார், முடிவையே மாற்றிவிட்டார்கள். நாவலின் பெயரையும் புகழையும் எடுத்துக்கொள்கிறவர்கள் கதையை மட்டும் மாற்றலாமா? அப்படியே எடுப்பதுதானே எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதை?"

உங்கள் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒன்பதாம் வகுப்பு கோடை விடுமுறையில் கிளை நூலகத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்து வந்து அந்த நாவலைப் படித்தவன் நான். மூன்றாம் பாகத்தை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அது திரும்பி வரப் பதினொரு நாள் ஆனது. நான்காம் பாகம் அலமாரியில் கண்ணெதிரே இருந்தும் அதற்குத் தாவ மனம் வரவில்லை; இரண்டாம் பாகத்தையே மறுபடி எடுத்துப் போய்ப் படித்தேன். அப்படிப் படித்தவர்களுக்கு அந்த மனிதர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி. வேறு யாரோ வந்து அவர்களை இடம் மாற்றி உட்கார வைத்தால் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஆனாலும் 'அப்படியே எடுக்க வேண்டும்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'சினிமா வேறு ஊடகம், இயக்குநர் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கதை டிஸ்கஷன்களில் பல வருடம் உட்கார்ந்து எழுந்த பிறகு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? அந்தக் கதையின் மனிதர்களைத் தோண்டத் தோண்ட உள்ளேயிருந்து வந்ததா, கதைக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு தேவையிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டதா?

அப்படியே எடுக்க ஏன் முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீளம்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். நீளம் சின்னப் பிரச்சினை.

சில வருடங்களுக்கு முன் ஒரு குறுநாவலைத் திரைக்கதையாக்கும் வேலையில் இருந்தேன். நூற்றுப்பத்துப் பக்கம்தான். கணவன் ஒரு பெரிய தவறு செய்துவிட்டு, வெளியே போய்த் திரும்பி வந்து, அதே வீட்டில் இருக்கிறான். மனைவி பேசுவதில்லை. பாதிக்கு மேல் ஓரிடத்தில் எழுத்தாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: கோபம் போய்ப் பல நாளாகியிருந்தது, போனதை அவள்தான் கவனிக்கவில்லை என்று. படிக்கிறவருக்கு அந்த வரியில் மொத்தக் கதையும் திரும்பிவிடும். இதைக் கேமரா முன்னால் எப்படி வைப்பது? 'பல நாளாகியிருந்தது' என்பதை ஒரு ஷாட்டில் காட்ட முடியாது. 'கவனிக்கவில்லை' என்பதை யாரும் நடிக்க முடியாது. வாய்ஸ் ஓவர் போடலாம் என்றார் ஒருவர். அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்வதாக வைக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டுமே அந்த வரியைச் சாகடித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்று நாள் அப்படியே போனது.

கடைசியில் உதவி இயக்குநராக இருந்த ஒரு பெண் வழி சொன்னார். ஆரம்பக் காட்சிகளில் அவள் தட்டில் ஒரு தோசையை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்னும் வேண்டுமென்றால் அவனே எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் அவள் அடுப்படியிலிருந்து வந்து, கேட்காமலே இரண்டாவது தோசையை அவன் தட்டில் போடுகிறாள். திரும்பி நடக்கிறாள். பாதி வழியில், கையில் தோசைத் திருப்பியோடு, ஒரு நொடி நின்றுவிடுகிறாள். பிறகு உள்ளே போகிறாள். அவ்வளவுதான். நாவலில் தோசையே கிடையாது. எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டு முறை படித்துவிட்டு, "இது என் வரிதான்" என்றார்.

மாற்றம் உள்ளேயிருந்து வருவது என்று நான் சொல்வது இதைத்தான். வரிக்கு வரி எடுத்திருந்தால் எல்லாம் இருந்திருக்கும், அந்த வரி மட்டும் இருந்திருக்காது.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் என்றால் முள்ளும் மலரும். உமாசந்திரனின் அந்த நாவல் கல்கி இதழின் வெள்ளி விழாப் போட்டியில் பரிசு பெற்றது. 1978-ல் மகேந்திரன் படமாக்கினார். நாவலில் நாயகன் காளியின் கையைப் புலி கொண்டுபோகிறது. படத்தில் புலி இல்லை. மேலதிகாரியான இஞ்சினியர் சஸ்பெண்ட் செய்துவிட்ட ஆத்திரத்தில் காளி குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கிறான், லாரி ஏறிக் கை போகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் புலிக்குப் பதில் லாரி, செலவு மிச்சம் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். புலி எங்கிருந்தோ வருகிறது, யாரையும் பிடிக்கும். அந்த லாரிக்கு முன்னால் காளியைக் கொண்டுபோய்க் கிடத்தியது அவனுடைய முன்கோபம், அவனுடைய வீம்பு. கை போன பிறகு அவன் இஞ்சினியர்மேல் வளர்க்கும் வெறுப்பில் தன்மேலேயே உள்ள வெறுப்பும் கலந்துவிடுகிறது. அதனால்தான் கடைசியில் தங்கையை அதே இஞ்சினியருக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கும்போதுகூட, உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுச் சம்மதிக்கிறான். அந்த ஆள் அப்படித்தான் சொல்வான். நாவலின் காளியை நாவலைவிட ஒரு படி ஆழமாகத் தோண்டியதில் வந்த மாற்றம் அது.

அதே வருடம் வந்த ப்ரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுஜாதாவின் கதை லண்டனில் நடக்கிறது. படம் சிங்கப்பூருக்குப் போனது. ஊர் மாறியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாயாலும் மூளையாலும் வேலை செய்கிற வக்கீல் கணேஷுக்கு ஜோடி வந்தது, பாட்டு வந்தது, சண்டை வந்தது. கணேஷ் என்கிற மனிதருக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. அந்த வேடத்தில் நடித்தவரைப் பார்க்க வருகிற கூட்டத்துக்குத் தேவைப்பட்டது. அதனால் படம் ஓடியது என்பது வேறு விஷயம். கணேஷைத் தேடிப் போன வாசகருக்கு அங்கே கணேஷ் கிடைக்கவில்லை.

இனி உங்கள் பொன்னியின் செல்வனுக்கு வருகிறேன்.

1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர்கதை. ஐந்து பாகம், முந்நூறுக்குச் சற்றுக் குறைவான அத்தியாயங்கள். படம் இரண்டும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். எது போகும் எது நிற்கும் என்பது முதல் நாளே முடிவாகிவிடும் கணக்கு இது. ஆனால் வாசகர்கள் நிஜமாக இழந்ததைப் பட்டியல் போடும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். படத்தில் இல்லாமல் போன மிகப் பெரிய பாத்திரம் நாவலை எழுதிய கல்கிதான். கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி நம்மோடு வாருங்கள் என்று முதல் வரியிலேயே கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாரே, அந்த மனிதர். அத்தியாயத்துக்கு அத்தியாயம் நம்மிடம் பேசுகிறார், சமாதானம் சொல்கிறார், ஒருவரை ஆபத்தில் விட்டுவிட்டு 'அவரை அங்கேயே விட்டுவிட்டு நாம் பழையாறைக்குப் போவோம்' என்கிற தோரணையில் இழுத்துப் போகிறார். வாரக்கணக்கில் காத்திருந்து கேட்ட குரல் அது. அதை எந்த நடிகருக்கும் கொடுக்க முடியாது. வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆரம்பிக்கிற கதையைப் படம் போர்க்களத்தில் ஆரம்பித்ததும் பலருக்கு ஏதோ அந்நியமாகத் தோன்றியது. குதிரைமேல் வந்த வந்தியத்தேவன் அதே வந்தியத்தேவன்தான், பக்கத்தில் பேச்சுத்துணையாக வந்த கல்கி இல்லை.

முடிவை மாற்றியதைப் பற்றி. நாவலில் குழந்தை மாறிப்போன ஒரு நீண்ட ரகசியம் இருக்கிறது. பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரிய வருகிறது. அருள்மொழி (பின்னாளில் ராஜராஜ சோழன்) தன் தலைக்கு வந்த கிரீடத்தை எடுத்து அவன் தலையில் வைக்கிறார்; அவன் உத்தம சோழன் ஆகிறான். படத்தில் அமுதனுக்கு அந்த வேலை இல்லை. கிரீடம் செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்த மதுராந்தகனுக்கே போகிறது. இங்கே 'மூலத்துக்கு உண்மையாக' என்றால் எந்த மூலத்துக்கு? வரலாற்றில் உத்தம சோழனும் மதுராந்தகனும் ஒருவரே, கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர். மக்கள் விரும்பியும் அருள்மொழி, சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரசு வேண்டாம் என்று இருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த ஒற்றை விஷயத்தில் மயங்கித்தான் கல்கி ஐந்து பாகம் எழுதினார், கடைசிப் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்று பெயர் வைத்தார். செப்பேட்டைக் கல்கி மாற்றினார், கல்கியைப் படம் மாற்றியது, மாற்றியபோது செப்பேட்டின் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. தியாகம் என்கிற நடு எலும்பு உடையவில்லை. அமுதனை நாம் ஐந்து பாகம் முழுக்கப் பார்த்துப் பழகியதால்தான் அவன் தலையில் கிரீடம் ஏறும்போது நெஞ்சு நிறைகிறது. நாலைந்து காட்சியில் வந்தவன் தலையில் அதை வைத்திருந்தால் அது வெறும் ட்விஸ்ட். அந்த மாற்றத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் சாவிலும் அப்படித்தான். கல்கி அந்த அறையில் விளக்கை அணைத்துவிடுகிறார். யார் கை என்று கடைசிவரை நம்மைக் குழம்ப விடுகிறார். படம் விளக்கை ஏற்றி, கத்தியை நந்தினி கையிலும் சாவைக் கரிகாலனின் விருப்பத்திலும் வைக்கிறது. இரண்டு படத்தையும் அந்த இருவரின் பழைய காதலைச் சுற்றியே கட்டியிருந்ததால், அங்கே வேறு எதுவும் பொருந்தியிருக்காது. என்னைக் கேட்டால் இரண்டு படத்துக்கும் உச்சம் அந்த அறைதான்.

மணிமேகலை விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை, துடுக்குக்காரி, வந்தியத்தேவன்மேல் வைத்த பிரியத்தை யாரும் திருப்பித் தராதவள், அவனைக் காப்பாற்ற 'நான்தான் கொன்றேன்' என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தவள். அவ்வளவு பெரிய நாவல் பட்டாபிஷேகத்தோடு முடியவில்லை. கடைசி அத்தியாயத்தின் பெயர் 'மலர் உதிர்ந்தது'. வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போவதோடு முடிகிறது. ராஜ்யத்தைத் துறந்த ராஜகுமாரனின் கதையை எழுதி முடித்துவிட்டு, எதுவுமே கிடைக்காத ஒரு பெண்ணின் சாவில் பேனாவை வைக்கிறார் கல்கி. அந்த இடத்தில் அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். ஐந்தரை மணி நேரத்தில் அவளுக்கு இருபது நிமிடம் கண்டுபிடித்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் வெட்டியதைவிட அதிகமாக நான் கவலைப்படுவது சேர்ப்பதைப் பற்றி. எழுத்தாளர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட இடத்தில் படம் பேச ஆரம்பிக்கும்போதுதான் நாவல் நிஜமாகக் காயப்படுகிறது. இதற்குப் பூமணியின் வெக்கையையும் அதிலிருந்து வந்த அசுரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெக்கை 1982-ல் வந்தது. சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட்டு வருவதாகத்தான் அவன் திட்டம். வெட்டு விலாவில் இறங்கி ஆள் செத்துப்போகிறான். நாவல் அங்கே ஆரம்பிக்கிறது. அதன் பிறகு அப்பனும் மகனும் கரிசல் காட்டில், ஓடையில், மலையில் ஒளிந்து திரிகிறார்கள். சில நாட்கள், அவ்வளவுதான் கதை. அந்த நாட்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சோறாக்குகிறார்கள். கிடைத்ததைச் சுட்டுத் தின்கிறார்கள். குளிக்கிறார்கள். எந்தப் பாறை இடுக்கில் வெயில் படாது என்று பார்க்கிறார்கள். செத்துப்போன அண்ணனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அப்பன் ஒரு வார்த்தை கண்டிப்பதில்லை, ஒரு வார்த்தை புகழ்வதும் இல்லை. மகன் தூங்குகிற இடத்தைச் சரிபண்ணிக் கொடுக்கிறார். கொலை செய்துவிட்டு வந்த பையன் அப்பன் பக்கத்தில் சின்னப்பிள்ளையாகத் தூங்குகிறான். எந்தச் சாதி என்று பூமணி பெயர் சொல்வதில்லை. நிலம், கிணறு, வேலி, அவர்கள் பேசும் பேச்சு எல்லாம் சேர்ந்து நமக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். அதற்குமேல் என்ன ஆனது என்று அவர் சொல்வதில்லை.

2019-ல் வெற்றிமாறன் எடுத்த அசுரன் இந்தக் கதையை வைத்துக்கொண்டு மூன்று பெரிய காரியங்கள் செய்தது. ஒன்று, கதையின் நடுமையத்தைப் பையனிடமிருந்து அப்பனுக்கு மாற்றியது. இரண்டு, நாவலில் இல்லாத ஒரு நீண்ட கடந்தகாலத்தை அந்த அப்பனுக்குக் கொடுத்தது: சாராயம் காய்ச்சுகிற முதலாளியிடம் வேலை, செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிபட்ட பெண், பஞ்சமி நிலத்துக்கான (ஆங்கிலேயர் ஆட்சியில் தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம்) போராட்டம், குடிசைகளோடு எரிந்த சொந்தங்கள். மூன்று, கடைசியில் அப்பன் மகனுக்குப் படிப்பைப் பற்றிச் சொல்லும் பேச்சு.

பஞ்சமி நிலத்தைக் கொண்டுவந்தது உள்ளேயிருந்து வந்த மாற்றம் என்பேன். பூமணி பெயர் சொல்லாமல் விட்டதன் வேர் அங்கேதான் இருக்கிறது. 1982-ல் வாசகருக்குச் சொல்லாமல் விளங்கியதை 2019-ல் ஊர் ஊராகத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. அதில் தைரியம் இருக்கிறது. ஆனால் அப்பனைக் கோழை என்று மகன் நினைப்பதாக வைத்து, இடைவேளைக்கு முன்னால் அந்த அப்பன் விசுவரூபம் எடுப்பதாக வைத்தது எனக்கு வெளியேயிருந்து வந்ததாகத்தான் படுகிறது. இன்டர்வெல் பிளாக்குக்கு விசில் வேண்டும், பெரிய நடிகர் அப்பன் வேடத்தில் இருக்கிறார். நாவலில் மகனுக்கு அப்பன்மேல் அப்படி ஒரு குறை கிடையாது. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது பேச வேண்டிய அவசியமே இல்லாத நெருக்கம். அதுதான் அந்த நாவலின் அதிசயம், அதைத்தான் படம் விலையாகக் கொடுத்தது.

கடைசிப் பேச்சைப் பற்றி எனக்கே இரண்டு மனம். நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது என்று அவர் சொல்லும்போது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்த தன் பையன் தோளில் கை போட்டதைப் பார்த்தேன். அந்தக் கையை எந்த விமர்சனத்தாலும் தட்டிவிட முடியாது. வீட்டுக்கு வந்து வெக்கையின் கடைசிப் பக்கங்களை மறுபடி படித்தேன். அங்கே யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, இருவரும் நடந்து போகிறார்கள். எனக்கு இன்னும் அந்த நடைதான் கனக்கிறது.

இதே இயக்குநர் அதற்கு முன் எடுத்த விசாரணையில் சேர்த்தது இதைவிடப் பெரிது. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் தான் 1983-ல் குண்டூர் போலீஸ் லாக்கப்பில் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவல், படத்தின் முதல் பாதி மட்டும்தான். இரண்டாம் பாதியில் வரும் ஆடிட்டர், சென்னை ஸ்டேஷன், அந்த இரவு எல்லாம் படத்துக்காக எழுதியது. அங்கே எனக்கு உறுத்தவில்லை. அடிபட்டவனின் இடத்திலிருந்து பார்த்த அதே இயந்திரத்தை, அடிக்கிறவனும் தப்ப முடியாத இடத்திலிருந்து பார்க்கிறது இரண்டாம் பாதி. சந்திரகுமார் கேட்ட கேள்வியின் தொடர்ச்சியாகவே அது ஓடுகிறது.

எழுத்தாளரே மாற்றினால்? ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் அக்கினிப் பிரவேசம் எழுதினார். மழை நாளில் முகம் தெரியாதவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண் வீட்டுக்கு வந்து அழுகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள், கத்துகிறாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் என்னவென்று கேட்டதும் எதையோ சொல்லி மறைத்துவிடுகிறாள். பிறகு மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, இதை நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பெரிய சர்ச்சையானது அந்தக் கதை. அதற்கப்புறம் ஜெயகாந்தன் தன்னையே கேட்டுக்கொண்டார்: அந்த அம்மா அப்படி மறைக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அதுதான் சில நேரங்களில் சில மனிதர்கள். நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதை வருகிறது. நாயகி கங்கா அதை ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, தன் அம்மா இப்படி ஏன் செய்யவில்லை என்று வெந்து போகிறாள். தன் கதையின் முடிவைத் தானே தலைகீழாக்கி, அதில் சாகித்திய அகாதமி விருதும் (1972) வாங்கினார். மூலம் என்பது கல்லில் வெட்டியது என்று நம்புகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

1977-ல் பீம்சிங் அதைப் படமாக்கியபோது எழுதியவரும் ஜெயகாந்தனே. கிட்டத்தட்ட நாவலை அப்படியே எடுத்த படம், நன்றாகவும் இருக்கிறது. அது எப்படிச் சாத்தியமானது? ஜெயகாந்தனின் மனிதர்கள் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசுகிறவர்கள், வாதாடுகிறவர்கள். அந்தப் பேச்சை, கங்காவாக நடித்த லட்சுமியிடம் கொடுத்தால் போதும், முகம் மிச்சத்தைச் செய்துவிடும். அவருக்குத் தேசிய விருது கிடைத்ததும் அதற்குத்தான். தி.ஜானகிராமனின் மோகமுள்ளுக்கு அது நடக்காது. ஞான ராஜசேகரன் 1995-ல் அதை மிகுந்த பக்தியோடு எடுத்தார், கும்பகோணம் இருக்கிறது, சங்கீத குரு ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு இருக்கிறார், சம்பவங்கள் பெரும்பாலும் நாவலின் தடத்திலேயே போகின்றன. ஆனால் நாயகன் பாபு ஒரு தெருவில் நடந்து போகும்போது ஜானகிராமன் மூன்று பக்கம் எழுதுவாரே, அவன் மூச்சும் அவன் மோகம் கொண்ட யமுனாவின் நினைப்பும் தம்புராவின் சுருதியும் ஒன்றாகக் கலந்து, அது தெருவைப் படம் பிடித்தால் வராது. பேச்சில் வாழ்கிற நாவல் அப்படியே எடுப்பதைத் தாங்கும். மனதுக்குள் ஓடுகிற நாவலை அப்படியே எடுத்தால் ஓடு மட்டும் மிஞ்சும்.

மரியாதை என்று ஒரு வார்த்தை கேட்டீர்கள். அதற்கு என் பதில் கதையைவிட டைட்டில் கார்டில் இருக்கிறது. 1979-ல் வந்த உதிரிப்பூக்களுக்கு மகேந்திரன் புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு விதை. தாயில்லாப் பிள்ளைகள் என்கிற துக்கம், சுந்தரவடிவேலு என்கிற பெயர், இன்னும் கொஞ்சம். ஆள் வேறு, ஊர் வேறு, ஆற்றங்கரையில் ஊரே சேர்ந்து தீர்ப்புச் சொல்கிற அந்த முடிவு முழுக்க மகேந்திரனுடையது. பெயர் போடாமல் விட்டிருந்தால் கண்டுபிடிப்பவர்கள் மிகச் சிலர்தான். அவர் போட்டார். 1948-ல் ராஜமுக்தி படத்துக்கு வசனம் எழுதப் புனே போய், காசநோயோடு திரும்பி, அதே வருடம் திருவனந்தபுரத்தில் இறந்துபோன புதுமைப்பித்தனுக்குச் சினிமாவிலிருந்து கிடைத்த கௌரவங்களில் அதைப் பெரிதாக நினைக்கிறேன். முழு நாவலையும் உருவிக்கொண்டு பெயர் மட்டும் போடாத படங்களோடு ஒப்பிட்டால், எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பெயர் போட்ட மகேந்திரன்தான் எனக்கு விசுவாசி.

சட்டமும் இதைக் கொஞ்சம் பார்த்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளரிடம் இரண்டை விட்டுவைக்கிறது: இது என்னுடையது என்று சொல்லும் உரிமை, என் பெயர் கெடும்படி சிதைத்தால் எதிர்க்கும் உரிமை. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் 'ஆப் கா பண்ட்டி' நாவலைச் சினிமாவில் சிதைத்துவிட்டார்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சினிமாவுக்காகச் சில மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை, ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதாலேயே 57-ஆம் பிரிவின் பாதுகாப்பு போய்விடாது என்று 1986-ல் நீதிமன்றம் சொன்னது. நம் எழுத்தாளர்களில் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே ரைட்ஸ் எழுதிக் கொடுக்கிறார்கள்.

நான் முதலில் சொன்ன அந்தக் குறுநாவல்காரரிடம் ஒப்பந்தம் போட உட்கார்ந்தபோது, பணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. எங்கள் பக்கத்து ஆள் நீட்டிய தாளை முழுதாகப் படித்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கதையின் முடிவை மாற்றுவதாக இருந்தால் ஷூட்டிங்குக்கு முன்னால் தன்னிடம் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று. "வேண்டாம்னு சொல்ல மாட்டேன் தம்பி. எங்க ஊர்ல டீக்கடையில யாராவது கேப்பாங்க. எனக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும்."